மலை முகாமுக்குப் பிள்ளையை முதன்முறை அனுப்புகிறவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், முகாமின் மூன்றாம் நாள் காலை, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் குளித்துவிட்டு வந்து முந்தின நாள் சட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். கொடைக்கானல் காலைக் குளிர் அது. கீழே ஊரெல்லாம் வெந்துகொண்டிருக்கும்போதும் இங்கே விடியற்காலையில் 12, 13 டிகிரிதான் இருக்கும். "துண்டு எங்கே, தம்பி?" என்று கேட்டேன். "அம்மா வைக்கவில்லை, மிஸ்" என்றான். இருவரும் உட்கார்ந்து பையைப் பிரித்தோம். முறுக்கு டப்பாவுக்கும் விலை அட்டை கிழிக்காத ஸ்வெட்டருக்கும் அடியில் இரண்டு துண்டுகள், இஸ்திரி போட்டு மடித்தபடி இருந்தன. பையைக் கட்டியது அம்மா. எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்கலாம் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை.

ஒன்பது கோடைகளாக இந்த மலையில் பிள்ளைகள் முகாம்களில் பொறுப்பாளராக இருந்து வருகிறேன். முதன்முறை அனுப்பும் பெற்றோர் என்னிடம் முகாமைப் பற்றித்தான் நிறையக் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்க விரும்புவது கிளம்புவதற்கு முந்தின மூன்று வாரங்களைப் பற்றி. முகாமில் பிள்ளை எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும், எவ்வளவு கற்றுக்கொள்ளும் என்பதில் பெரும்பங்கு அந்த மூன்று வாரத்தில் வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. தன் வேலையைத் தன் கையால் செய்யத் தெரிந்து வரும் பிள்ளைக்கு மலையைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. மற்றப் பிள்ளைக்குத் துண்டைத் தேடவே பொழுது சரியாகிவிடுகிறது.

முதலில், எந்த முகாம்

பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள். கட்டிவிட்டு வந்து, "உனக்கு ஓர் ஆச்சரியம்" என்று சொல்லாதீர்கள். அப்படி வந்த பிள்ளைகள், தங்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டார்கள் என்றே முதல் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று முகாம்களின் விவரங்களை முன்னால் வைத்து, எது வேண்டும் என்று அவர்களையே சொல்லவிடுங்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மூன்று இரவுகளுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. பத்து வயதுக்கு மேல் ஒரு வாரம் தாராளமாக இருப்பார்கள்.

நடத்துகிறவர்களிடம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்? இரவில் பிள்ளைகள் தூங்கும் கட்டிடத்தில் யார் தங்குகிறார்கள்? பெண் பிள்ளைகள் பக்கம் பெண் பொறுப்பாளர் உண்டா? நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனை, எந்த வண்டி? இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் வர வேண்டும். கூடவே, "மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். மே மாதத்தில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வருவது இங்கே சாதாரணம். மழைக்கென்று ஒரு திட்டம் வைத்திருப்பவர்கள் இந்த மலையை அறிந்தவர்கள். "டிவி போட்டுவிடுவோம்" என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

காட்டுக்குள் நடை என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தால், வனத்துறை அனுமதி பெற்ற பாதையா, கூட வருகிறவர் யார் என்று கேட்டே ஆக வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கான விதிகளை அரசு கடுமையாக்கியது. பேரிஜம் ஏரிக்குப் போவதென்றால்கூட வனத்துறை அனுமதி வேண்டும். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்று வாரம் முன்பு

அத்தை வீட்டிலோ சித்தி வீட்டிலோ ஓர் இரவு, நீங்கள் இல்லாமல் தங்க வையுங்கள். முடிந்தால் இரண்டு இரவு. மூன்றாவது வாரத்தில் ஒருமுறை மறுபடியும். வேறு கூரை, வேறு தலையணை, வேறு குளியலறைத் தாழ்ப்பாள் எல்லாம் பழக வேண்டியவை. முகாமில் முதல் இரவு அழும் பிள்ளைகளில் அநேகர் இதற்கு முன் ஒரு நாளும் அம்மாவை விட்டுத் தூங்காதவர்கள்.

பிறகு அன்றாட வேலைகள். வெந்நீரும் தண்ணீரும் தானே விளாவிக் குளிப்பது, ஷூ கயிறு கட்டுவது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, போர்வையை மடிப்பது, ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போடுவது. நீளமான முடி உள்ள பெண் பிள்ளை தானே ஒற்றைப் பின்னலாவது போடக் கற்றுக்கொள்ளட்டும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் நாள் சொல்லிக் கொடுங்கள், இரண்டாம் நாள் பக்கத்தில் நில்லுங்கள், மூன்றாம் நாள் அறைக்கு வெளியே போய்விடுங்கள். நேரமாகும், தண்ணீர் சிந்தும், உங்கள் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் எங்களிடம் மறைக்கும் ஒன்று உண்டு. படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம். பத்து வயதிலும் சில பிள்ளைகளுக்கு இருக்கும். குளிரில் இன்னும் அதிகமாகும். தயவுசெய்து பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். இரவு பதினோரு மணிக்கு யாருக்கும் தெரியாமல் எழுப்பிக் கூட்டிப் போவோம், மாற்று விரிப்பு வைத்திருப்போம். சொல்லாமல் விட்ட பிள்ளை பயத்தில் விடிய விடியத் தூங்காமல் கிடக்கிறது. ஒருமுறை ஒரு சிறுமி நான்கு இரவுகள் அப்படிக் கிடந்தாள். பகலெல்லாம் கண் சொருகி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, அவளுக்கு முகாம் பிடிக்கவில்லை என்று நாங்கள் நினைத்துவிட்டோம். ஆஸ்துமா, வலிப்பு, எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாமும் இப்படித்தான். எழுதிக் கொடுங்கள், மருந்துகளைப் பிள்ளையின் பையில் போடாமல் பொறுப்பாளர் கையில் கொடுங்கள்.

இன்னொரு பேச்சும் இந்த வாரங்களில் நடக்க வேண்டும். உடலை யார் தொடலாம், எப்படித் தொட்டால் உரக்கச் சொல்ல வேண்டும், எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்பது. "இதை வீட்டில் சொல்லாதே என்று யாராவது சொன்னால், அதைத்தான் எங்களிடம் முதலில் சொல்ல வேண்டும்" என்ற ஒரே வரி பிள்ளை மனதில் நிற்கும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடமாகச் சொல்ல வையுங்கள். பயமுறுத்தும் குரலில் வேண்டாம். சாலையைக் கடக்கச் சொல்லிக் கொடுத்தது போலவே சொல்லுங்கள்.

பையைப் பிள்ளை கட்டட்டும்

நீங்கள் பட்டியலை வாசியுங்கள். எடுத்து வைப்பது பிள்ளை. கட்டி முடித்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து இன்னொரு முறை கட்டச் சொல்லுங்கள். துவட்டும் துண்டும் டார்ச்சும் மேலே இருக்க வேண்டும்.

மலையில் துணி காயாது. மழை பிடித்துக்கொண்டால் இரண்டு நாள் கொடியில் ஈரமாகவே தொங்கும். ஆகவே உள்ளாடையும் சாக்ஸும் நாள் கணக்குக்கு மேலேயே இரண்டு மூன்று ஜோடி வையுங்கள். ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லியதாக இரண்டு நல்லது. வெயில் ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம். காதை மூடும் குல்லாய், மழைக்கோட்டு. குடை வேண்டாம், காற்றில் நிற்காது. ஷூ புதிதாக இருக்கக் கூடாது. முகாமுக்கென்று வாங்கியதை முதன்முறை மலையில் மாட்டிக்கொண்டு வந்து, குதிகாலில் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. வாங்குவதானால் ஒரு மாதம் முன்பே வாங்கிப் போட்டு நடக்க விடுங்கள்.

தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் உறைந்துவிடும். குறுகிய வாய் உள்ள பாட்டிலில் கொடுத்தால் ஒரு சொட்டு வராது. வாய் அகன்ற சின்ன டப்பாவில் கொடுங்கள், விரலால் எடுத்துக்கொள்வார்கள். உதடும் கன்னமும் வெடிக்கும், வாசலின் வேண்டும். குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடக் கூடாது. சுமார் 7,000 அடி உயரத்தில் வெயில் தோலைக் கறுக்கச் சுடும், தொப்பி கட்டாயம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொடுங்கள். கொடைக்கானலில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது.

வேண்டாதவை: போன், நகை, கைநிறையப் பணம், கிலோக்கணக்கில் தின்பண்டம். தின்பண்டத்தைக் குரங்குகள் மோப்பம் பிடித்துவிடும். பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குகளும் இங்கே இருக்கின்றன; தெரியாதவை கிழித்துவிடும்.

துண்டு கிடைக்காத அந்தப் பையன் மறுவருடமும் வந்தான். முதல் இரவே மழையில் கரண்ட் போய்விட்டது. நான் மெழுகுவத்தி தேடிக்கொண்டு போவதற்குள் அவன் கட்டிலிலிருந்து வெளிச்சம் வந்தது. இருட்டில் தடவியே தன் டார்ச்சை எடுத்திருந்தான். பக்கத்துக் கட்டில் பையனின் பைக்குள் அதைப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு ஸ்வெட்டர் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மலை ஏறும் நாள்

சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை வந்தது. அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. ரயிலில் வருகிறவர்கள் கொடை ரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக ஏற வேண்டும். கூடுமானவரை சனி, ஞாயிறு தவிர்த்து விடியற்காலையிலேயே ஏறிவிடுங்கள். சீசன் கூட்டத்தில் பெருமாள்மலையிலிருந்து ஊருக்குள் வருவதற்குள் பிள்ளை சோர்ந்துவிடும்.

கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு உள்ளதுதான். வெறும் வயிறும் கூடாது, பூரி, பொங்கல் என்று நெய்யும் எண்ணெயுமாக நிரப்பிய வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். முன்பக்கம் உட்கார வைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகம், போன் இரண்டும் வேண்டாம். வாயில் ஒரு துண்டு இஞ்சி மரப்பா அடக்கிக்கொள்ளட்டும்.

வாசலில் விடைபெறுவது ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. கட்டிலைக் காட்டுங்கள், பொறுப்பாளரின் பெயரைப் பிள்ளை வாயால் சொல்ல வையுங்கள், முத்தமிட்டுக் கிளம்பிவிடுங்கள். "பிடிக்கவில்லை என்றால் ஒரு போன் போடு, அப்பா உடனே வந்து கூட்டிப் போய்விடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்பால் சொல்வதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு பிள்ளையின் மனம் முழுக்க அந்த ஒரு போனிலேயே இருக்கும். "முதல் இரண்டு நாள் வீட்டு ஞாபகம் வரும், எல்லோருக்கும் வரும். மிஸ்ஸிடம் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நாங்கள் இதே வாசலில் நிற்போம்" என்று சொல்லுங்கள். நாளும் மணியும் தெரிந்தால் பிள்ளைக்குப் பிடிப்பு கிடைக்கிறது.

ஏரிக்கரையில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, மாலையில் வேலியோரம் வந்து எட்டிப் பார்க்கும் பெற்றோரும் உண்டு. பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். விளையாட்டை விட்டுவிட்டு வேலியைப் பார்த்து நின்றுவிடுவார்கள். நம்பி விட்டீர்கள் என்றால் ஊருக்குப் போய்விடுங்கள்.

தினமும் போனில் பேச வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை அம்மாவின் குரலைக் கேட்டதும் உடைந்து அழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் கடிதம் எழுதுங்கள். நாளுக்கு ஒன்றாக முன்கூட்டியே எழுதி, உறையின் மேல் நாளைக் குறித்து எங்களிடம் கொடுத்துவிட்டால் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்போம். "நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது" என்று எழுத வேண்டாம். பிள்ளை அதைத் தன் குற்றமாக எடுத்துக்கொள்ளும். நேற்றுப் பால்காரர் என்ன சொன்னார், தெருமுனைப் பூனை எத்தனை குட்டி போட்டது என்று எழுதுங்கள், கடைசியில், "அங்கே இரவில் என்ன சத்தம் கேட்கிறது?" என்பது போல ஒரு கேள்வி. பிள்ளை மறுநாள் இரவு காது கொடுத்துக் கேட்கும். முகவரி எழுதிய தபால் அட்டைகள் நான்கையும் பையில் போட்டுவிடுங்கள்.

எதைப் பார்த்துவரச் சொல்வது

இதை நான் ஆசையோடு எழுதுகிறேன். தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், படகுச் சவாரி எல்லாம் குடும்பத்தோடு வரும்போதும் பார்த்துக்கொள்ளலாம். முகாமில் கிடைப்பது ஒரே இடத்தில் நின்று பார்க்கும் நேரம். ஒன்றிரண்டு தேடல்களோடு பிள்ளையை அனுப்புங்கள்.

பைன் மரக் காட்டுக்கும், இந்த மலையில் இயற்கையாகவே வளர்ந்த சோலைக்காட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துவரச் சொல்லுங்கள். பைன், யூகலிப்டஸ், வாட்டில் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பைன் காட்டுக்குள் தரையைப் பார்த்தால் காய்ந்த ஊசி இலைகள்தான் மெத்தையாகக் கிடக்கும். மற்றச் செடிகள் குறைவு. சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறையும், காற்று ஈரமாகும், மரத் தண்டெல்லாம் பாசி, கிளையெல்லாம் பெரணி, காலடியில் ஈர மண். பெய்யும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக ஓடைகளில் விடுவது சோலையும் புல்வெளியும்தான். பத்து வயதுப் பையன் ஒருவன் சோலை மண்ணைக் கையில் அள்ளிப் பிழிந்து, விரலிடுக்கில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு வாய் பேசாமல் நின்றது எனக்கு மறக்கவில்லை.

குறிஞ்சி 12 வருடங்களுக்கு ஒருமுறை பூப்பது. கடைசியாக 2018இல் பூத்தது, அடுத்தது 2030. அதனால் பூவைப் பார்க்க முடியாது, புதரைப் பார்க்கலாம். அதைக் காட்டி, "இது பூக்கும்போது உனக்கு என்ன வயது?" என்று கேட்டால் பிள்ளைகள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

சூரியனைப் பற்றி ஆர்வமுள்ள பிள்ளைக்குக் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1899இல் இங்கே அமைக்கப்பட்டது. 1909இல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை இந்த மலையிலிருந்துதான் கண்டறிந்தார்; இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே பாடப் புத்தகங்களில் இருக்கிறது. தாண்டிக்குடிப் பக்கம் முகாம் என்றால் காப்பித் தோட்டங்களும், பெருங்கற்காலத்தில் கற்பலகைகளை நிறுத்தி மூடி அமைத்த ஈமச்சின்னங்களான கற்திட்டைகளும் உண்டு. இந்த மலையின் பழங்குடிகளான பளியர்கள் தேனையும் கிழங்கையும் பற்றி அறிந்திருப்பது எங்களுக்கு ஒன்பது கோடையிலும் தெரியாதது. அவர்களில் ஒருவர் காட்டைக் காட்ட வரும் முகாம் கிடைத்தால் விடாதீர்கள்.

பயப்பட வேண்டாத சில, கவனிக்க வேண்டிய சில

அட்டை கடித்தால் வலிக்காது. ரத்தத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அலறுவார்கள். கடிக்கும்போது ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளை அது செலுத்துவதால்தான் அவ்வளவு நேரம் கசிகிறது. பிடித்து இழுக்காமல் நகத்தால் வழித்து எடுத்து, கழுவி, அழுத்திப் பிடித்தால் போதும். இதை வீட்டிலேயே சொல்லி வைத்தால் அட்டை கடித்ததை ஊருக்குப் போய்ப் பெருமையாகக் காட்டுவார்கள்.

காட்டுமாடு வேறு. ஊருக்குள்ளேயே, சாலையோரத்திலேயே மாலையில் மேயும். வீட்டு மாடு போல அமைதியாகத் தெரிவதுதான் ஆபத்து. கண்டதும் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, படம் எடுக்கக் கிட்டே போகவே கூடாது. மெல்லப் பின்வாங்கிப் பொறுப்பாளர் பக்கம் வந்துவிட வேண்டும்.

திரும்பி வந்த பிறகு

வண்டியில் ஏறியதும் கேள்விகளை அடுக்காதீர்கள். முதல் நாள் பெரும்பாலும் தூங்குவார்கள். பையைப் பிரிப்பதும் பிள்ளையின் வேலைதான். ஈரச் சாக்ஸின் நாற்றத்தோடு கூழாங்கல்லும் பைன் காயும் வெளியே வரும். குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மலைக்கும் புதர்ப் பகுதிக்கும் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளால் வருவது. அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் எங்காவது சிகரெட் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் எளிதில் குணமாகும்; நாட்கள் கடந்தால் சிக்கலாகும்.

தட்டைக் கழுவப் பழகி வந்த பிள்ளையின் கையிலிருந்து தட்டை வாங்கிவிடாதீர்கள். "இனிமேல் போகமாட்டேன்" என்று சொன்னால் வாதாட வேண்டாம். ஒரு மாதம் கழித்து மெதுவாகக் கேளுங்கள். முகாமில் நடந்தது என்ன என்பது உடனே வராது, வேறு ஏதாவது வேலையின் நடுவே வரும். மதுரையிலிருந்து மகளை அனுப்பிய ஓர் அம்மா சொன்னார்: இரண்டு நாள் அவள் ஒன்றுமே பேசவில்லையாம், இவரும் கேட்கவில்லையாம். மூன்றாம் நாள் இரவு இருவரும் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, பூம்பாறையில் மலையைப் படிப்படியாக வெட்டி இதைப் போட்டிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்தாளாம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாராம். அன்று அவர்கள் சாப்பிடும்போது மணி பத்தரை.